சாமுவேல் என்ற பெயரின் பொருள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் கழித்து எங்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருக்கிறான். அன்னாளைப் போல நானும் அழுது ஜெபித்துப் பெற்ற பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பேரிட்டோம். ஞானஸ்நான அழைப்பிதழில் ‘சாமுவேல் என்றால் தேவனிடத்தில் கேட்கப்பட்டவன்’ என்று அச்சிடக் கொடுத்திருந்தோம். இறையியல் படிக்கும் என் நாத்தனார் மகன் அதைப் பார்த்துவிட்டு, “அத்தை, எபிரெயத்தில் அந்தப் பெயருக்கு அப்படிப் பொருள் வராது. ‘தேவனுடைய நாமம்’ என்பதுதான் பொருள். ‘கேட்கப்பட்டவன்’ என்பது இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் பெயருக்குத்தான் பொருந்தும். அந்தப் பிறப்புக் கதையே முதலில் சவுலைப் பற்றியது என்றுகூடச் சில அறிஞர்கள் சொல்கிறார்கள்” என்றான். வீட்டில் உள்ள பெயர்ப் புத்தகத்திலோ ‘தேவன் கேட்டார்’ என்று போட்டிருக்கிறது. என் மாமியார் மிகவும் கலங்கிப்போய், “வேதத்திலேயே தப்பாக எழுதியிருக்குமா?” என்று கேட்கிறார். எது சரி? அழைப்பிதழை மாற்ற வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

இத்தனை ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் பிறந்த பிள்ளையின் பெயரைப் பற்றிய கேள்வி இது என்பதால், அவசரமாகப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. எபிரெயம் கற்பிக்கிறவன் என்ற முறையில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரின் இலக்கணத்தைப் பற்றி உங்கள் நாத்தனார் மகன் சொன்னது சரி. அன்னாள் தன் மகனுக்கு அந்தப் பெயரை ஏன் இட்டாள் என்பதைப் பற்றி நீங்கள் நம்புவதும் சரி. பெயர்ப் புத்தகத்தில் உள்ள ‘தேவன் கேட்டார்’ என்ற விளக்கமே மூன்றிலும் ஆதாரம் குறைந்தது. உங்கள் மாமியாரிடம், வேதத்தில் தவறு எதுவும் இல்லை, வேதம் சொல்லாத ஒன்றை நாம்தான் அந்த வசனத்தின்மேல் ஏற்றிவிடுகிறோம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். காரணங்களை இனி விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வசனத்தைப் பார்ப்போம். நம் தமிழ் வேதாகமத்தில் 1 சாமுவேல் 1:20, அன்னாள் ஒரு குமாரனைப் பெற்று, ‘கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன் என்று சொல்லி, அவனுக்குச் சாமுவேல் என்று பேரிட்டாள்’ என்கிறது. எபிரெய மூலத்தில் ‘என்று சொல்லி’ என்ற சொற்கள் இல்லை. ‘அவனுக்குச் சாமுவேல் என்று பேரிட்டாள், ஏனெனில் கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்’ என்பதே அங்குள்ள அமைப்பு. இடையில் நிற்கும் ‘கீ’ என்ற சிறிய சொல் காரணத்தைக் காட்டுகிறது. ‘இந்தப் பெயருக்கு இதுவே பொருள்’ என்று சொல்வதற்கு எபிரெயத்தில் வேறு விதமான வாக்கியங்கள் உண்டு, அவை இங்கே இல்லை. அந்தப் பெயரை ஏன் தேர்ந்துகொண்டாள் என்பதையே அன்னாள் சொல்கிறாள். பெயரின் பகுதி, விகுதிகளைப் பிரித்துக் காட்டுவது அவள் நோக்கம் அன்று. நம் ஊரில் திங்கட்கிழமை பிறந்த பிள்ளைக்குச் சோமசுந்தரம் என்று பேரிட்ட பெரியவரிடம் காரணம் கேட்டால், ‘திங்கட்கிழமை பிறந்தான்’ என்பார். அதைக் கேட்டு, சோமசுந்தரம் என்றால் ‘திங்கட்கிழமை பிறந்தவன்’ என்று பொருள் எழுதிவிட மாட்டோம்.

இப்போது குழப்பத்தின் வேருக்கு வருகிறேன். இதில் நம் தமிழுக்கே ஒரு பங்கு உண்டு. தமிழில் ‘கேள்’ என்ற ஒரே வினை இரண்டு வேலைகளைச் செய்கிறது. பிள்ளை தாயிடம் பால் கேட்கிறது, தாய் பிள்ளையின் அழுகையைக் கேட்கிறாள். வேண்டுவதும் ‘கேட்பது’தான், செவிகொடுப்பதும் ‘கேட்பது’தான். ஆகவே ‘தேவனிடத்தில் கேட்கப்பட்டவன்’, ‘தேவன் கேட்டார்’ என்ற இரண்டு விளக்கங்களும் நம் காதில் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாக ஒலிக்கின்றன. எபிரெயத்திலோ இவை ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு வேர்ச்சொற்கள். வேண்டுவது ‘ஷாஅல்’, செவிகொடுப்பது ‘ஷாமா’. முதலாவதில் ஷீன், ஆலெப், லாமெத் என்ற எழுத்துகள் உள்ளன. இரண்டாவதில் ஷீன், மேம், ஆயின் என்ற எழுத்துகள் உள்ளன. இந்த ஆயின் என்பது தொண்டையின் அடியிலிருந்து எழும் ஓர் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால், நம் மொழிபெயர்ப்புகளில் அது சுவடின்றி மறைந்துவிடுகிறது.

அந்த ஓர் எழுத்தை வைத்தே பெயர்ப் புத்தகத்தின் விளக்கத்தைச் சோதித்துவிடலாம். தேவன் செவிகொடுத்தார் என்ற பொருளுடைய பெயர்கள் வேதாகமத்தில் பல உண்டு. கர்த்தர் ஆகாரின் அங்கலாய்ப்பைக் கேட்டபடியினால் இடப்பட்ட இஸ்மவேல் என்ற பெயர், லேயாள் தன் இரண்டாம் மகனுக்கு இட்ட சிமியோன் என்ற பெயர், செமாயா, எலிஷாமா ஆகிய பெயர்கள் எல்லாவற்றிலும் அந்த ஆயின் எழுத்து எபிரெயத்தில் உறுதியாக நிற்கிறது. சாமுவேல் என்ற பெயரின் எழுத்துகள் ஷீன், மேம், வாவ், ஆலெப், லாமெத் என்ற ஐந்தே. ஆயின் இல்லை. அது காலப்போக்கில் தேய்ந்து மறைந்தது என்று கொண்டால்தான் ‘தேவன் கேட்டார்’ என்ற பொருள் வரும். இஸ்மவேலில் அதே இடத்தில், அதே ஆலெப் எழுத்துக்கு முன்னால், ஆயின் தேயாமல் நிற்கும்போது இங்கே மட்டும் தேய்ந்தது என்பதை ஏற்பது கடினம்.

இதைவிட வலுவான சான்று அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது. 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் ‘கர்த்தர் அன்னாளின் ஜெபத்தைக் கேட்டார்’ என்ற வாக்கியம் எங்கும் இல்லை. 19ஆம் வசனம் கர்த்தர் அவளை ‘நினைந்தருளினார்’ என்றே சொல்கிறது. ‘ஷாமா’ என்ற வினை அந்த ஜெபக் காட்சியில் வருவது 13ஆம் வசனத்தில்தான், அதுவும் எதிர்மறையாக வருகிறது: அவளுடைய உதடுகள் மாத்திரம் அசைந்தன, அவள் சத்தமோ கேட்கப்படவில்லை. அருகில் உட்கார்ந்திருந்த ஆசாரியனாகிய ஏலியின் காதில்கூட விழாமல், அவளைக் குடித்தவள் என்று அவன் தவறாக நினைக்கும்படியாக ஏறெடுக்கப்பட்ட ஜெபம் அது. பதினொரு ஆண்டுகள் ஜெபித்த உங்களுக்கு அந்த வசனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, பெயரின் எழுத்துகள் உண்மையில் எதைச் சொல்கின்றன? கடைசிப் பகுதி எல்லாருக்கும் தெரிந்ததே. ‘ஏல்’ என்றால் தேவன். முதற்பகுதி ‘ஷேம்’, அதாவது பெயர் அல்லது நாமம். இரண்டுக்கும் இடையில் நிற்கும் ‘ஊ’ என்ற உயிரே கவனிக்க வேண்டியது. எபிரெயத்துக்கு முந்தைய நிலையில், எபிரெயமும் அரபியும் சேர்ந்த குடும்பமாகிய செமித்திய மொழிகளில் பெயர்ச்சொற்கள் எழுவாயாக வரும்போது ‘உ’ என்ற விகுதி பெற்றன. பழைய பாபிலோனில் வழங்கிய அக்காதிய மொழியிலும் இலக்கிய அரபியிலும் அது தெளிவாக இருக்கிறது. வேதாகம எபிரெயம் அந்த விகுதியை இழந்துவிட்டாலும், பழைய வீட்டில் தூணை மட்டும் மாற்றாமல் வைத்திருப்பதுபோல, சில பெயர்களின் நடுவில் அது தங்கிவிட்டது. இதற்கு மிக அழகான சான்று ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில் உள்ளது. யாக்கோபு தேவனை முகமுகமாய்க் கண்ட இடத்துக்கு எபிரெய மூலம் ஒரு வசனத்தில் ‘பெனீயேல்’ என்றும், அடுத்த வசனத்திலேயே ‘பெனூவேல்’ என்றும் பெயர் சொல்கிறது. இரண்டும் ‘தேவனுடைய முகம்’ என்ற ஒரே பொருளுடையவை, இடையில் உள்ள உயிர் மட்டுமே மாறியிருக்கிறது. அதே வாய்பாட்டில், சாமுவேலின் எபிரெய வடிவமாகிய ‘ஷெமூவேல்’ என்பது ‘ஏலின் நாமம்’, அதாவது ‘தேவனுடைய நாமம்’ ஆகிறது. ‘அவர் நாமம் தேவன்’ என்றும் சிலர் பிரிப்பார்கள். ஆனால் எபிரெயத்தில் ‘அவர் நாமம்’ என்பது ‘ஷெமோ’ என்று ஓகாரத்தில் முடியும். நம் பெயரில் உள்ளது ஊகாரம். ஆகையால் முதற்சொன்ன பிரிப்பே எனக்கு ஏற்புடையது.

இந்தப் பெயரமைப்பு மிகப் பழையது. பாபிலோனின் முதல் அரச வம்சத்தில், அமோரிய மரபைச் சேர்ந்த முதல் இரண்டு அரசர்களின் பெயர்கள் சுமு-அபும், சுமு-லா-ஏல் என்பவை. இவர்கள் கி.மு. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். அந்தச் ‘சுமு’ என்பது ‘ஷேம்’ என்ற எபிரெயச் சொல்லின் உறவுச்சொல்தான். வேதாகமத்திலும் ராமாவின் தீர்க்கதரிசி ஒருவருக்கு மட்டுமே உரிய பெயராக அது இல்லை. எண்ணாகமம் 34:20-இல் தேசத்தைப் பங்கிட நியமிக்கப்பட்ட சிமியோன் கோத்திரத்தான் ஒருவனும், 1 நாளாகமம் 7:2-இல் இசக்கார் கோத்திரத்தான் ஒருவனும் எபிரெயத்தில் இதே ஐந்து எழுத்துப் பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். அன்னாள் புதிதாக ஒரு பெயரை உருவாக்கவில்லை, வழக்கில் இருந்த ஒரு பெயரையே எடுத்துத் தன் மகனுக்கு இட்டாள் என்பதற்கு இது அடையாளம்.

தமிழ் வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘சாமுவேல்’ என்பதில் ‘வேல்’ என்ற ஒலி கேட்பதால், அது தமிழ் வேல் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ‘வ்’ எபிரெயத்தில் இல்லை, கிரேக்கத்திலும் இல்லை. ‘சாமு’ என்பதன் இறுதி உகரமும் ‘ஏல்’ என்பதன் முதல் ஏகாரமும் சேருமிடத்தில் தமிழ் தானே கொண்டுவந்து வைத்த உடம்படுமெய் அது. ‘இ ஈ ஐ வழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்’ என்ற நன்னூல் விதி நம் வேதாகமப் பெயர்களில் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று பாருங்கள். இகரத்துக்குப் பின் வந்ததால் தானியேல், எசேக்கியேல், காபிரியேல். மற்ற உயிர்களுக்குப் பின் வந்ததால் சாமுவேல், யோவேல், பெத்துவேல். ஆனால் ‘உவேல்’ என்று முடியும் எல்லாப் பெயர்களும் ஒரே அமைப்புடையவை என்று எண்ணிவிடக் கூடாது. இம்மானுவேல் என்பதில் உள்ள உகரம் ‘இம்மானூ’, அதாவது ‘நம்மோடு’ என்ற சொல்லின் பகுதி. பழைய எழுவாய் விகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. லூக்கா 2:36-இல் தேவாலயத்தை விட்டு நீங்காத முதிய தீர்க்கதரிசியின் தகப்பன் பெயர் பானுவேல். அது பெனூவேலின் கிரேக்க வடிவம். அந்த மூதாட்டியின் பெயரும் அன்னாள்தான் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இங்கே உங்கள் நாத்தனார் மகனின் கேள்வி எழுகிறது. பெயரின் பொருள் ‘தேவனுடைய நாமம்’ என்றால், ‘கேட்டேன்’ என்று அன்னாள் ஏன் காரணம் சொன்னாள்? ‘கேட்கப்பட்டவன்’ என்று நேரடியாகவே பொருள்தரும் பெயர் எபிரெயத்தில் இல்லாமல் இல்லை. ‘ஷாஊல்’, நாம் சவுல் என்று எழுதும் பெயர், அதே பொருளுடையது. ஆகாய் 1:1-இல் செருபாபேலின் தகப்பனாக வரும் செயல்தியேலின் பெயர் ‘தேவனிடத்தில் கேட்டேன்’ என்றே பிரியக்கூடியது. கர்த்தர் நினைந்தருளினார் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் சகரியா என்ற பெயர் இருந்தது. இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்னாள் சாமுவேல் என்ற பெயரைத் தெரிந்துகொண்டாள்.

வேதாகமத்தில் பெயரிடும் காட்சிகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இது புதுமையாக இராது. அங்கே பெயரும் காரணமும் பெரும்பாலும் ஒலியால் இணைக்கப்படுகின்றன. ‘இவன் நம்மைத் தேற்றுவான்’ என்று சொல்லி லாமேக்கு தன் மகனுக்கு நோவா என்று பேரிட்டான். தேற்றுதல் என்பதற்கான எபிரெய வினை ‘நாகம்’, நோவா என்ற பெயரோ இளைப்பாறுதல் என்ற வேறு வேரைச் சேர்ந்தது. பாபேல் என்ற நகரப் பெயரைப் பாபிலோனியர் ‘தேவனுடைய வாசல்’ என்று கொண்டார்கள். ஆதியாகமம் அதைத் தாறுமாறாக்குதல் என்ற பொருளுடைய ‘பாலல்’ என்ற வினையோடு சேர்க்கிறது. ஜலத்திலிருந்து எடுத்தேன் என்று பார்வோனின் குமாரத்தி காரணம் சொல்லும் மோசே என்ற பெயரிலும், பிறந்தவன் அல்லது பிள்ளை என்ற பொருளுடைய எகிப்தியச் சொல்லையே பல அறிஞர்கள் காண்கிறார்கள். இவற்றை அறியாமையால் வந்த பிழைகள் என்று எண்ணுவது அந்த எழுத்தாளர்களுக்கு நாம் செய்யும் அநியாயம். தங்கள் தாய்மொழியில் எந்தச் சொல் எந்த வேரிலிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு பெயரின் ஒலிக்குள் இன்னொரு சொல்லைக் கேட்டு, அதில் தேவனுடைய செயலைக் கண்டுகொள்வது அவர்களுடைய வழக்கம். நம் புலவர்கள் சிலேடையில் காட்டிய நுட்பத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை ஏற்பதில் தடை இராது என்று நம்புகிறேன். பழைய ஏற்பாட்டு அறிஞர் எஸ். ஆர். டிரைவரும் இந்த வசனத்தை ஆராய்ந்தபோது, இங்கே உள்ள தொடர்பு ஒலியின் தொடர்பே, சொற்பிறப்பின் தொடர்பு அன்று என்ற முடிவுக்கே வந்தார்.

அந்த ஒலித்தொடர்பு எவ்வளவு நெருக்கமானது என்பதை எழுத்துகளை வைத்துப் பார்த்தால் புரியும். ‘ஷாஊல்’ என்பதன் நான்கு எழுத்துகளான ஷீன், ஆலெப், வாவ், லாமெத் ஆகிய அனைத்தும் ‘ஷெமூவேல்’ என்ற பெயருக்குள் இருக்கின்றன. கூடுதலாக இருப்பது மேம் மட்டுமே. அந்த மேம், ‘இடத்திலிருந்து’ என்று பொருள்படும் முன்னொட்டின் எழுத்தும் ஆகும். இதனால்தான், பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த யூத உரையாசிரியர் டேவிட் கிம்கி, ‘ஷாஊல் மேயேல்’, அதாவது ‘தேவனிடத்திலிருந்து கேட்கப்பட்டவன்’ என்ற தொடர் சுருங்கியதைப் போல இந்தப் பெயரை விளக்கினார். அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவரான, முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும், சாமுவேல் என்ற பெயருக்கு ஈடாக, தேவனிடத்தில் கேட்டுப் பெற்றவன் என்ற பொருள்தரும் ஒரு கிரேக்கச் சொல்லையே கொடுத்திருக்கிறார். இலக்கணப்படி அந்தச் சுருக்கத்தை நிறுவ முடியாது. ஆனாலும் நீங்கள் அழைப்பிதழில் எழுதிய வாசகத்துக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு வாசிப்பு மரபு இருக்கிறது. அதை எழுதியதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

சவுலைப் பற்றிய கருத்துக்கு வருகிறேன். அது உங்கள் நாத்தனார் மகனின் சொந்தக் கற்பனை அன்று. இருபதாம் நூற்றாண்டில் சில விவிலிய அறிஞர்கள் உண்மையாகவே அப்படி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட சான்றும் கண்ணுக்குத் தெரியும் சான்றே. முதலாம் அதிகாரத்தில் மட்டும் ‘ஷாஅல்’ என்ற வேர் ஏழு முறை வருகிறது. 17ஆம் வசனத்தில் ஏலி, இஸ்ரவேலின் தேவனிடத்தில் நீ கேட்ட விண்ணப்பம் என்று சொல்லுமிடத்தில் இரண்டு முறை, 20-இல் ஒரு முறை, 27-இல் இரண்டு முறை, 28-இல் இரண்டு முறை. இரண்டாம் அதிகாரம் 20ஆம் வசனத்தில் ஏலி தம்பதியரை ஆசீர்வதிக்கும்போது மேலும் இரண்டு முறை. இவற்றில் 28ஆம் வசனமே உச்சம். ‘அவன் கர்த்தருக்கென்று கேட்கப்பட்டபடியினால்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ‘ஹூ ஷாஊல்’ என்ற சொற்கள். பின்னால் அரசனாகப்போகிறவனின் பெயர் எழுத்து மாறாமல் அங்கே நிற்கிறது. சபையில் இந்த அதிகாரத்தை உரக்க வாசிக்கக் கேட்ட ஓர் இஸ்ரவேலனுக்கு, இது சாமுவேலின் பிறப்பா, சவுலின் பிறப்பா என்ற திகைப்பு ஒரு கணமாவது வந்திருக்கும்.

இந்தச் சான்றை முழுமையாக ஏற்றுக்கொண்டும், கதை கைமாறியது என்ற முடிவை நான் ஏற்கவில்லை. சீலோ, ஏலி, ஏலியின் குமாரர், ஆலயத்தில் வளரும் பிள்ளை, ஆண்டுதோறும் தாய் தைத்துக் கொண்டுவரும் சின்னச் சட்டை ஆகிய எல்லாமே சாமுவேலின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கின்றன. பென்யமீன் கோத்திரத்தானாகிய கீசின் மகன் சவுலை இவற்றில் எதனோடும் பொருத்த முடியாது. ஒன்பதாம் அதிகாரத்தில் அவன் தன் வம்ச வரலாற்றோடு, வளர்ந்த வாலிபனாக, முழுமையாக அறிமுகமாகிறான். பிறப்புக் கதை ஒன்று பிடுங்கி எடுக்கப்பட்ட காயம் அங்கே தென்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப வைத்ததற்கு ஆசிரியருக்கு வேறு காரணம் இருந்தது என்பது புத்தகத்தைத் தொடர்ந்து வாசித்தால் விளங்குகிறது.

எட்டாம் அதிகாரத்தில், தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் சாமுவேலிடத்தில் கேட்கிறார்கள். அங்கே வருவது அன்னாள் பயன்படுத்திய அதே ‘ஷாஅல்’. பன்னிரண்டாம் அதிகாரத்தில் சாமுவேல் அவர்களைப் பார்த்து, நீங்கள் கேட்ட ராஜா இதோ இருக்கிறார் என்கிறார், மீண்டும் அதே சொல். மலடி என்று நிந்திக்கப்பட்ட ஒரு பெண் கேட்டாள், பெற்றதைக் கர்த்தருக்கே ஒப்புக்கொடுத்தாள். ஒரு தேசம் கேட்டது, தங்களை ஆளும் கர்த்தரைத் தள்ளிவிட்டுக் கேட்டது. இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தது. ஒன்றின் பெயர் சாமுவேல், மற்றொன்றின் பெயர் ‘கேட்கப்பட்டவன்’. கடைசியில், 28ஆம் அதிகாரத்தில், பெலிஸ்தரின் பாளயத்தைக் கண்டு நடுங்கிய சவுல் கர்த்தரிடத்தில் விசாரித்தான் என்று நம் தமிழ் வேதாகமம் சொல்லுமிடத்தில் எபிரெயம் ‘வய்யிஷ்அல் ஷாஊல்’ என்கிறது. கேட்கப்பட்டவன் கேட்டான், கர்த்தரோ உத்தரவு அருளவில்லை. அஞ்சனம் பார்க்கிறவள் இருந்த எண்டோரில், இறந்துபோன சாமுவேல் எழும்பி வந்து, ‘என்னிடம் ஏன் கேட்கிறாய்’ என்று சொல்வதும் அதே வினையால்தான். அன்னாளின் ஜெபத்தில் தொடங்கிய ஒரு சொல் எண்டோர் வரை நடந்து போகிறது. இப்படிப்பட்ட நெசவைப் பார்த்தபின், முதலாம் அதிகாரத்தில் உள்ள ‘ஷாஊல்’ என்ற சொல்லை வேறொரு கதையின் மிச்சம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது ஆசிரியர் தெரிந்தே வைத்தது. உங்கள் நாத்தனார் மகனிடம் இதைச் சொல்லுங்கள். அவன் கவனித்தது நல்ல கவனிப்பு, அதைக் கொண்டு போய்ச் சேர்க்கும் இடத்தைத்தான் நான் மாற்றச் சொல்கிறேன்.

28ஆம் வசனத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ‘அவனைக் கர்த்தருக்கே ஒப்புக்கொடுக்கிறேன்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள எபிரெய வினையும் ‘ஷாஅல்’ என்பதன் பிறவினை வடிவமே. தன்வினையில் ‘கேட்டேன்’ என்று நிற்கும் சொல், பிறவினையில் ‘கேட்டவருக்குக் கொடுத்தேன்’ என்று ஆகிறது. கேட்டதும் ஒரே சொல், திருப்பிக் கொடுத்ததும் அதே சொல். தமிழில் ஒரே வேரால் இதைச் சொல்ல வழியில்லாததால், மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஒப்புக்கொடுக்கிறேன்’ என்று வேறு சொல்லை எடுக்க வேண்டியதாயிற்று. வேதாகமத்தைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கிய மிஷனரி சீகன்பால்க் 1719-இல் மறைந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரையே தமிழில் முடிந்திருந்தது. அடுத்த புத்தகமாகிய சாமுவேலைத் தமிழில் கொண்டுவரும் பணி பெஞ்சமின் சூல்ட்சேயின் கைக்குப் போயிற்று. அந்நாள் முதல் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொருவரும் இந்த வசனத்தின் முன் இதே தட்டுப்பாட்டை உணர்ந்திருப்பார்கள்.

ஆனால் தமிழ் இழப்பதோடு நின்றுவிடவில்லை. மூன்றாம் அதிகாரத்தில், இரவில் தன்னைப் பெயர்சொல்லி அழைத்த கர்த்தருக்குச் சிறுவன் சாமுவேல் சொல்லும் பதிலில் வருவது ‘ஷாமா’, செவிகொடுத்தல் என்ற மற்ற வினை. எபிரெய வாசகர் அங்கே தாய் சொன்னதிலிருந்து வேறான ஒரு சொல்லைச் சந்திக்கிறார். நாமோ, ‘கர்த்தரிடத்தில் கேட்டேன்’ என்று தாய் சொன்ன அதே வினையால் ‘சொல்லும்; அடியேன் கேட்கிறேன்’ என்று மகன் சொல்வதை வாசிக்கிறோம். கேட்டுப் பெற்ற பிள்ளை கேட்கிற பிள்ளையாக வளர்ந்தான் என்பதை நம் மொழி தன் ஒரே சொல்லால் காட்டிவிடுகிறது. மூலத்தில் இல்லாத சொல்லணி இது என்பதை மறக்காமல், அதே சமயம் தமிழ் வேதாகமத்தை வாசிக்கும் நமக்குக் கிடைத்த பேறு என்றும் நான் இதைக் கருதுகிறேன்.

இனி அழைப்பிதழ். ‘சாமுவேல் என்றால்’ என்று தொடங்குவதுதான் சிக்கல். அந்தத் தொடக்கம் அகராதிப் பொருளை எதிர்பார்க்க வைக்கிறது. அதை எடுத்துவிட்டு, பிள்ளையின் பெயருக்குக் கீழே ‘கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்’ என்ற வசனப் பகுதியை மட்டும் இட்டு, 1 சாமுவேல் 1:20 என்று குறித்துவிட்டால், எபிரெயம் அறிந்தவர்கள் யாரும் அதில் குறை காண முடியாது, நீங்கள் சொல்ல விரும்பியதும் முழுமையாகச் சொல்லப்பட்டிருக்கும். அச்சகத்தில் ஏற்கெனவே அடித்து முடித்திருந்தால், அதற்காக இன்னொரு முறை செலவு செய்யாதீர்கள். பிள்ளை வளர்ந்து தன் பெயரைப் பற்றிக் கேட்கும் நாளில், பெயருக்குள் இருப்பது தேவனுடைய நாமம், அம்மா அதை உனக்கு இட்டது கேட்டுப் பெற்றதால் என்று இரண்டையும் சொல்லுங்கள்.